கான் அடைபட்டால் மலை சரியும்: சுரங்கக் கழிவு அணைகள் சொல்லும் பாடம்

பேராதனைக்கு மேலே ஹந்தானைச் சரிவுகளில் தேயிலை வளர்த்தவர்களுக்குக் 'கான்' என்றால் விளக்கம் தேவையில்லை. மலைச்சரிவுக்குக் குறுக்காக வெட்டப்படும் சிறு வாய்க்கால் அது. மேலிருந்து ஓடிவரும் மழைநீரைப் பிடித்து, மண்ணை அரிக்கவிடாமல், ஓரமாக ஓடையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். கான் வெட்டுவதும், அடைபட்ட கானைத் துப்புரவாக்குவதும் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதைப் போலவே ஒரு வேலை. அதைச் செய்யாமல் விட்டால் அடுத்த மழையிலேயே ஏதும் நடந்துவிடாது. பெருமழை ஒன்று வரும்போதுதான் தெரியும்.

உலகின் மிக ஆபத்தான கட்டுமானங்களுள் ஒன்றாகிய சுரங்கக் கழிவு அணைகளின் பாதுகாப்பும் பெருமளவு இந்தக் கானிலேயே தங்கியிருக்கிறது. அங்கே அதன் பெயர் வெள்ளத் திசைதிருப்புக் கால்வாய்.

தண்ணீர் அணை அல்ல, சேற்று அணை

செம்பு, தங்கம், ஈயம் போன்ற உலோகங்களைப் பிரித்தெடுக்கப் பாறையை மாவு போல அரைத்து நீருடன் கலக்கிறார்கள். உலோகம் போக எஞ்சும் சேற்றில் நச்சு உலோகங்களும் இரசாயனங்களும் இருக்கும். அதை ஒரு பள்ளத்தாக்கில் தேக்கி, முன்னால் அணை கட்டுகிறார்கள்.

குடிநீருக்கோ மின்சாரத்துக்கோ கட்டும் அணை ஒரே தடவையில் கட்டி முடிக்கப்படுவது. கழிவு அணையோ சுரங்கம் இயங்கும் காலமெல்லாம் படிப்படியாக உயர்த்தப்படுகிறது. பல இடங்களில் அந்தக் கழிவைக் கொண்டே உயர்த்தப்படுகிறது. சுரங்கம் மூடப்பட்டாலும் சேறு அங்கேயே இருக்கும். அதாவது அணைக்கு ஓய்வுகாலம் கிடையாது.

இத்தகைய அணைக்கு நீர் இரண்டு வழிகளில் எமனாகிறது. உள்ளே ஊறி நிற்கும் நீர் கழிவின் உறுதியைக் குலைத்து, திடமாகத் தெரிந்த திடலைக் கணப்பொழுதில் குழம்பாக்கிவிடும். மேலிருந்து வரும் வெள்ளம் அணையின் முகட்டைத் தாண்டி வழிந்தால், சுவரை அரித்து உடைத்துவிடும்.

இரண்டாவது வழிக்குத் தென்னாபிரிக்காவின் மெரிஸ்பிரைட் ஓர் உதாரணம். 1994 பெப்ரவரி 22ஆம் திகதி மாலை பெய்த இடிமழையில் அங்கிருந்த தங்கச் சுரங்கக் கழிவு அணை உடைந்தது. சுமார் 6 இலட்சம் கனமீற்றர் சேறு குடியிருப்புக்குள் புகுந்து 17 பேரைக் கொன்றது. பெய்தது வரலாறு காணாத மழையல்ல. அணையின் முகட்டுக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே விட்டிருக்க வேண்டிய இடைவெளி ஏற்கெனவே பறிபோயிருந்தது. முதலாவது வழியைப் பிரேசிலின் புருமாடின்யோ காட்டியது. 2019 ஜனவரி 25இல் அங்கு உடைந்த அணையில் 2016க்குப் பின் கழிவு கொட்டப்படவே இல்லை. ஆனால் உள்ளே நீர் தேங்கியிருந்தது. 270 பேர் மாண்டனர்.

'நூறாண்டு வெள்ளம்' என்ற ஏமாற்று

அணைக்கு மேலே உள்ள நிலத்தில் விழும் மழையை அணைக்குள் வரவிடாமல் சுற்றிக்கொண்டு போவதே திசைதிருப்புக் கால்வாயின் வேலை. எவ்வளவு பெரிய வெள்ளத்துக்கு அதை வடிவமைப்பது என்பதில்தான் சிக்கல்.

'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். இந்த வாய்ப்பைக் கூட்டிப் பார்த்தால், 50 ஆண்டுகளில் ஒருமுறையாவது அவ்வெள்ளம் வருவதற்கு ஏறத்தாழ 40 சதவீத வாய்ப்பு. நூறு ஆண்டுகளில் 63 சதவீதம். என்றென்றும் நிற்க வேண்டிய ஓர் அணைக்கு இது போதாது.

அதனால்தான் புருமாடின்யோவுக்குப் பின் 2020 ஓகஸ்டில் வெளியான சுரங்கக் கழிவு முகாமைத்துவத்துக்கான உலகளாவிய தரநிலை, உடைந்தால் மிகப் பெரிய உயிரிழப்பை உண்டாக்கக்கூடிய அணைகளுக்குப் பத்தாயிரம் ஆண்டில் ஒருமுறை எனக் கணிக்கப்படும் வெள்ளத்தை அளவுகோலாக வைக்கிறது.

பழைய கால்வாயை மேம்படுத்துவது என்பது அகலமாக வெட்டுவது மட்டுமல்ல. வேகமாக ஓடும் நீர் அடித்தளத்தை அரிக்காதபடி பெருங்கற்களைப் பதிக்க வேண்டும். செங்குத்தான இடங்களில் படிகள் அமைத்து வேகத்தைத் தணிக்க வேண்டும். மரங்களும் மண்சரிவும் அடைத்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். கால்வாய் கழிவுத் தேக்கத்துக்கு மேலாகவே ஓடுகிறது. அதன் கரை உடைந்தால் வெள்ளம் முழுவதும் நேராகத் தேக்கத்துக்குள் பாயும். காக்க வெட்டிய கால்வாயே கொல்லும் வாய்க்காலாகிவிடும்.

யார் பொறுப்பு?

கனடாவின் யூக்கோன் பிரதேசத்தில் உள்ள ஃபாரோ ஈய, துத்தநாகச் சுரங்கம் 1969இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் கழிவு ரோஸ் கிறீக் என்ற ஓடையின் பள்ளத்தாக்கில் கொட்டப்பட்டது; ஓடையோ கழிவைச் சுற்றிச் செல்லும்படி திருப்பப்பட்டது. 1998இல் நிறுவனம் கைவிட்டுப் போனபோது அங்கே எஞ்சியது சுமார் 7 கோடி தொன் கழிவுச் சேறு. அதைத் துப்புரவாக்கும் பொறுப்பும், பெருவெள்ளத்தைத் தாங்கும்படி திசைதிருப்புக் கால்வாயை மேம்படுத்தும் செலவும் இப்போது அரசின் தலையில். இலாபம் சில பத்தாண்டுகள். பராமரிப்பு தலைமுறை தலைமுறையாக.

இந்தக் கதைகள் தூர தேசத்தவை என்று கண்டிவாசிகள் ஒதுக்கிவிட முடியாது. பேராதனையைக் கடந்து வரும் மகாவலி, கட்டுகஸ்தோட்டைக்கு அருகே கொஹாகொட குப்பைமேட்டின் ஓரமாகச் செல்கிறது. அங்கே இருப்பது சுரங்கக் கழிவு அல்ல, அணையும் இல்லை. ஆனால் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த கழிவு, மேலிருந்து மழைநீர், கீழே ஆறு என்ற அமைப்பு ஒன்றே. கண்டிக்கான குடிநீரும் இதே ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. சற்றுக் கீழே பொல்கொல்லையில் இந்த நீர் சுரங்கவழியாக வறண்ட வலயத்துக்கும் திருப்பப்படுகிறது. குப்பைமலையும் ஆளைக் கொல்லும் என்பதை 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தில், 30க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த மீதொட்டமுல்ல காட்டியது.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின்போது மகாவலி பெருகிக் கம்பளையையும் பேராதனையின் தாழ்நிலங்களையும் மூழ்கடித்ததை நாம் பார்த்தோம். பழைய மழைக் கணக்குகளை நம்பி வெட்டிய வடிகால்கள் இனிப் போதுமா என்பதே அந்த வெள்ளம் விட்டுச்சென்ற கேள்வி.

ஆகவே கழிவுக் குவியல் எதுவாயினும், அதன் அருகே வாழ்பவர்கள் அதிகாரிகளிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். மேட்டுநீரைத் திருப்ப வாய்க்கால் இருக்கிறதா? எவ்வளவு மழைக்கு, எந்த ஆண்டின் கணக்கை வைத்து அது வெட்டப்பட்டது? கடைசியாக யார், எப்போது அதைத் துப்புரவாக்கினார்கள்?

தோட்டத்தில் கான் வெட்டுக்கு ஆளும் நாளும் குறித்து வைத்திருந்தார்கள். நகரத்தின் குப்பைக்கும் அதுவே வேண்டும்.