பொறிக்கும் பெட்டிக்கும் பொருத்தம்

மலாக்கா மாநிலத்தின் செர்காம், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரச் சாலைகளில் ஒரு காலத்தில் மோரிஸ், ஆஸ்டின் முதலிய ஆங்கிலேய மகிழுந்துகள் மிகுதியாக ஓடின. காலப்போக்கில் சப்பானிய வண்டிகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக் கொண்டன. ஆயினும், மோரிஸ் குடும்பத்து வண்டி ஒன்று இந்தியாவில் மட்டும் 2014 வரை உற்பத்தியாகி வந்தது. அதுவே அம்பாசடர். பெரிதும் மாறாத வெளித்தோற்றத்தினுள்ளே அது பல மாற்றங்களைக் கண்டது. பொறியும் கியர் பெட்டியும் ஒன்றோடொன்று சேர்ந்தும் பிரிந்தும் மாறிய அவ்வரலாறு கருதத்தக்கது.

எண்ணெயால் இயங்கும் பொறி, குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் நல்ல ஆற்றலைத் தரும். மேட்டில் ஏறவும் சமவெளியில் விரையவும் அவ்வாற்றலை வெவ்வேறு அளவில் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது பற்சக்கரங்கள் அடங்கிய கியர் பெட்டியே. முன்புறப் பொறி, அதனையடுத்துக் கிளட்ச், பின்னர்க் கியர் பெட்டி என்னும் வரிசையை 1890களின் தொடக்கத்தில் பிரான்சின் பனார் லெவசோர் நிறுவனம் நிலைநாட்டியது. அக்காலத்தில் கியர் மாற்றுவது கடினமான கலையாக இருந்தது; பற்கள் மோதி ஓலமிடும். சுழற்சி வேகங்களை ஒத்திசையச் செய்யும் அமைப்பை 1928-இல் கேடிலாக் நிறுவனம் தன் வண்டிகளில் அறிமுகப்படுத்திய பின்னரே அவ்வோசை அடங்கத் தொடங்கியது.

ஒரு வண்டியின் பெட்டியை வேறொரு வண்டியின் பொறியோடு இணைப்பது எளிதன்று. திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது போல இதற்கும் பல பொருத்தங்கள் உண்டு. பொறியின் பின்முகத்திலுள்ள திருகுத் துளைகளும் பெட்டியின் முன்முகத்துத் துளைகளும் ஒத்திரா. எனவே, இரண்டிற்கும் இடையே ஓர் இணைப்புத் தகடு வேண்டும். தகடு தடித்துவிட்டால், பெட்டியின் முன் தண்டு பொறித் தண்டின் கடைசியிலுள்ள தாங்கியை எட்டாது. கிளட்ச் தட்டின் நடுப்பற்கள் பெட்டியின் தண்டுக்குப் பொருந்த வேண்டும். அதன் விட்டமோ பொறியின் உருள் சக்கரத்திற்குப் பொருந்த வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, இரு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால், அவற்றுள் ஏறத்தாழ ஐந்து கூறுக்கு மேல் விலகலாகாது என்பது பட்டறை மரபு. அம்மரபை மீறினால் தாங்கிகள் தேயும்; கிளட்ச் ஒட்டும்; ஓடும்போதே கியர் நழுவும்.

இனி, அம்பாசடரைக் காண்போம். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1942-இல் தொடங்கப்பட்டு, பின்னர் வங்காளத்தின் உத்தரபாராவில் நிலைபெற்றது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி 1950களின் பிற்பகுதியில் அம்பாசடர் வெளிவந்தது. பழைய பக்க வால்வுப் பொறி விரைவிலேயே நீக்கப்பட்டு, 1489 கன சென்டிமீட்டர் கொண்ட புதிய பொறி இடம்பெற்றது. நான்கு வேகப் பெட்டியின் கியர்த் தடி, ஓட்டுநரின் திசைமாற்றித் தண்டோடு ஒட்டியிருந்தது. முதற் கியருக்கு ஒத்திசைவு அமைப்பு கிடையாது. பின்னாளில் டீசல் அம்பாசடர் வந்தபோது, அதற்கும் அதே பொறிக் குடும்பத்து டீசல் வடிவமே பயன்பட்டது. உறவுக்குள் அமைந்த திருமணமாதலின் பொருத்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை.

சிக்கல் கான்டெசாவில் எழுந்தது. இங்கிலாந்தில் 1972-இல் வெளிவந்த வாக்ஸால் விக்டர் வண்டியின் உடலை வாங்கி, 1984-இல் அதே நிறுவனம் இந்தியாவில் வெளியிட்டது. தாய்நாட்டில் அவ்வுடல் 1759, 2279 கன சென்டிமீட்டர்ப் பொறிகளைச் சுமந்தது. இந்தியாவிலோ அம்பாசடரின் 1489 பொறியே அதனை இழுக்க நேர்ந்தது. தோற்றம் பெரிது, ஆற்றல் சிறிது என்னும் குறை பரவியது. 1980களின் பிற்பகுதியில் சப்பானின் இசுசு நிறுவனத்தின் 1817 கன சென்டிமீட்டர்ப் பொறியும் ஐந்து வேகப் பெட்டியும் ஒருசேரப் பொருத்தப்பட்ட பின்னரே கான்டெசா மதிப்புப் பெற்றது.

சென்னைக்கு அருகில் பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் வரலாறு இதனினும் வருந்தத்தக்கது. ஐரோப்பாவில் 1977-ஆம் ஆண்டின் சிறந்த மகிழுந்தாகத் தேர்வு பெற்ற ரோவரின் உடலை வாங்கி, 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்னும் பெயரில் அந்நிறுவனம் வெளியிட்டது. இங்கிலாந்தில் எட்டு உருளைப் பொறியையும் தாங்கிய அவ்வுடலுக்கு, இங்கே கிடைத்தது 1991 கன சென்டிமீட்டர் கொண்ட பழைய வான்கார்டு பொறி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஃபெர்குசன் உழவு இயந்திரத்தை இழுத்த பொறியின் வழித்தோன்றல் அது. வண்டி சில ஆண்டுகளே நீடித்தது. துளைகள் இணைந்துவிட்டால் மட்டும் பொருத்தம் வந்துவிடாது. எடை, ஆற்றல், வேகம் அனைத்தும் ஒத்துழைத்தாக வேண்டும் என்பதே அதன் பாடம்.

அம்பாசடரோ தன் முறைக்கு, 1990களின் தொடக்கத்தில், இசுசு பொறியைத் தன்னுள் ஏற்றது. புதிய ஐந்து வேகப் பெட்டி உடன்வந்ததால், கியர்த் தடி தரைக்கு இறங்கியது. நீண்ட பலகை போன்ற முன்னிருக்கையும் இரண்டாகப் பிரிந்தது. ஓர் உறுப்பை மாற்றினால் அமரும் முறை கூட மாறுகிறதன்றோ?

பெருந்தொழிற்சாலைகளில் மட்டுமன்றிச் சிறு பட்டறைகளிலும் இக்கலை வளர்ந்தது. பழைய மோரிஸ் மைனரை இன்றும் பேணுவோர் பலர், 1980களில் வந்த ஃபோர்டு சியராவின் ஐந்து வேகப் பெட்டியை அதன் பொறியோடு இணைக்கின்றனர். மைனரின் பெட்டியில் முன்கூடு பெட்டியோடு ஒரே வார்ப்பு. ஃபோர்டின் பெட்டியிலோ அது தனியே கழலும். ஆதலால், புதிய முன்கூடு ஒன்றை வார்த்தாலே இணைப்பு கைகூடுகிறது.

மலேசியாவும் இவ்வழியே வந்ததுதான். 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகா, மிட்சுபிஷியின் பொறியோடும் பெட்டியோடும் பிறந்தது. தனக்கென வடிவமைத்த பொறியை அந்நிறுவனம் 2004-இல் ஜென் 2 வண்டியில்தான் கண்டது. பொறியை விலைக்கு வாங்கலாம். வாங்கியதை ஏற்றவாறு பொருத்தும் அறிவை உழைத்தே பெறவேண்டும்.

அவ்வறிவைப் பெற்றோர் பலர் ஏட்டுக் கல்வி குறைந்தவர்கள். எண்ணெய் படிந்த கையால் அளந்து, அரத்தால் தேய்த்து, காதால் கேட்டுக் கற்றவர்கள். பேராசிரியர்களின் சொற்கள் நூல்களில் நிற்கின்றன. பட்டறைத் தொழிலாளரின் சொற்களோ அவர்களுடனேயே மறைகின்றன. தமிழில் அறிவியல் வளரவேண்டும் என விழைவோர், தோட்டத்து லாரிக் கொட்டகையிலும் சிற்றூர்ப் பட்டறையிலும் வழங்கும் சொற்களையும் செய்முறைகளையும் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். மாணவர்க்குத் தரத்தக்க கட்டுரைப் பயிற்சியும் அதுவே. முதியவர் ஒருவரிடம் ஒரு பிற்பகல் அமர்ந்து கேட்டால் ஓர் இயலே கிடைக்கும். அவர் மறைந்தபின் எந்த நூலகத்திலும் அது கிடைக்காது.