தடகளமா, கால்பந்தா? சல்மா பராயுவேலோவின் கதை

ஸ்பெயினின் சரகோசா நகரில் 2003ல் பிறந்தவர் சல்மா பராயுவேலோ. 2018ல் 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயின் அணியில் அவரும் இருந்தார். சில மாதங்களிலேயே, 15 வயதில், கிளாஸ்கோவில் நடந்த ஐரோப்பிய உள்ளரங்கத் தடகளப் போட்டியில் 400 மீட்டர் ஓடினார்! வியாரியல் அணிக்கு ஆடிக்கொண்டே ஓட்டத்தையும் தொடர்ந்தார்.

2021ல் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. பல மாதம் இரண்டுமே நின்றன. மீண்டு வந்தவரை 2022ல் பார்சிலோனா அழைத்தது. இனி ஒன்றுதான் என்ற நிலை. கால்பந்தைத் தேர்ந்தெடுத்தார்.

அதே ஆண்டு 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியில் ஜப்பானுக்கு எதிராக 2 கோல். 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்தை வீட்டுக்கு அனுப்பியதும் அவர் 111வது நிமிடத்தில் அடித்த கோல்தான். தடகளத்தை விட்டார், ஆனால் அந்த வேகம் அவரை விடவில்லை.