தழைச்சத்தும் தரமும்: குருபரப்பள்ளி மண்ணை முன்வைத்து

தமிழில் நைட்ரஜனுக்குத் தழைச்சத்து என்று பெயர். பாஸ்பரசுக்கு மணிச்சத்து, பொட்டாசுக்குச் சாம்பல்சத்து. வேளாண்மைத் துறையின் துண்டறிக்கையிலும் உரக்கடைப் பலகையிலும் இச்சொற்களைப் பார்த்துவிட்டுக் கடந்து போகிறோம். தழை என்பது காட்டிலும் வரப்பிலும் வெட்டிவந்து சேற்றில் மிதிக்கப்பட்டது. சாம்பல் அடுப்படியிலிருந்து குப்பைக்குழிக்குப் போய், அங்கிருந்து வயலுக்குப் போனது. இன்று அந்தப் பெயர்கள் மட்டும் நிற்கின்றன. பெயருக்குரிய பொருள் 45 கிலோ மூட்டைக்குள் வெள்ளைக் குருணையாகிவிட்டது.

விவசாயி அறியாமையால் யூரியாவுக்கு அடிமையாகி மண்ணைக் கெடுத்தான் என்பது நம்மிடையே புழங்கும் ஒரு கதை. அரசு அலுவலரும் சொல்கிறார், இயற்கை வேளாண்மை பேசும் நண்பர்களும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மண்வளத்தின் வரலாறு விவசாயியின் மண்டைக்குள் நடந்ததல்ல. நிலத்தை யார் எப்படி எழுதிவைத்தார்கள் என்பதில் நடந்தது. அந்த எழுத்தின் தொடக்கம் கிருஷ்ணகிரிச் சீமையில் இருக்கிறது என்பதால் இக்கட்டுரை அங்கிருந்து பேசுகிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது குருபரப்பள்ளி. பெயரைத் தமிழ்க் காதால் கேட்டால் குருவும் பரமும் தென்படும். கன்னடக் காதால் கேட்டால் குருபர பள்ளி, அதாவது குருபர்களின் ஊர். ஆடு மேய்ப்பவர்களின் ஊர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் இந்த எல்லைப் பகுதியில் நான் இரண்டாவது காதையே நம்புகிறேன்.

ஆட்டுக்கும் மண்வளத்துக்கும் என்ன தொடர்பு என்று நகரத்து நண்பர் கேட்கலாம். அறுவடை முடிந்த காட்டில் மந்தையை ராத்திரி அடைத்து வைப்பார்கள். இங்கே பட்டி போடறது என்பார்கள், தெற்கே கிடை போடுவது. கி. ராஜநாராயணனின் 'கிடை'யை வாசித்தவர்களுக்கு அந்த உலகம் புதிதல்ல. குழியில் சேர்த்து வைக்கும் சாணத்தில் மூத்திரம் மண்ணில் வடிந்து போகும், தழைச்சத்து அமோனியாவாகிக் காற்றில் போகும். பட்டியில் புழுக்கையும் மூத்திரமும் நேராக வேண்டிய இடத்திலேயே விழுகின்றன. சுமைகூலி கிடையாது. பட்டியை நாளுக்கு நாள் நகர்த்தினால் காடு முழுக்க எரு. மேய்ப்பவருக்குத் தானியம் கிடைக்கும்.

ஆனால் ஆடு தின்ற புல் அந்தக் காட்டில் முளைத்ததல்ல. பகலெல்லாம் குன்றிலும் கரட்டிலும் மேய்ந்து, அந்தச் சத்தை ராத்திரி காட்டுக்குக் கொண்டுவந்து போட்டது. ஏரி வண்டலும் அப்படித்தான். மேட்டிலிருந்து மழை கரைத்துக் கொண்டுவந்ததைக் கோடையில் வண்டி கட்டி அள்ளித் திரும்ப வயலில் கொட்டினார்கள். நெல் வயலுக்குப் புங்கன், வேம்பு, எருக்கு, ஆவாரை, கொளுஞ்சித் தழை. கேழ்வரகுக் கொல்லையில் ஊடுபயிராக அவரையும் துவரையும். அவரை வேரின் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்குக் கட்டித் தருகின்றன என்பதை ஐரோப்பிய அறிவியல் உறுதிப்படுத்தியது 1880களில்தான். இங்கே விதைத்தவர்களுக்குக் காரணம் தெரியாது, காரியம் தெரியும்.

ஆக, வளம் என்பது ஒரு துண்டு நிலத்தின் குணமல்ல. குன்றும் ஏரியும் மந்தையும் மனிதர்களும் கொண்ட ஓர் உறவு. அவரையைத் தவிர மற்றதெல்லாம் வயலுக்கு வெளியிலிருந்து வந்தது.

இதைச் சொன்னவுடன் பொற்காலம் ஒன்றைக் கட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. சாணம் அள்ளியது யார்? ஒழுகும் குப்பைக்கூடையைத் தலையில் சுமந்து வரப்பில் நடந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள். நிலம் ஒருவருடையது, எரு சுமந்த தலை இன்னொருவருடையது. மூட்டை உரம் வந்தபோது அந்தத் தலைச்சுமை இறங்கியது என்பதையும் மண்ணின் வரலாற்றில் எழுதத்தான் வேண்டும். கூடவே அந்த வேலை நாட்களின் கூலித் தானியமும் போனது. இரண்டையும் சேர்த்துப் பேசாத இயற்கை வேளாண்மை எனக்குச் சந்தேகத்துக்குரியது.

இனி எழுத்துக்கு வருவோம். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களும் நிலத்தை அளந்து, வயல் வாரியாகத் தீர்வை போட முனைந்தார்கள். உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னால் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறையின் சோதனைக்கூடம் இந்தச் சீமைதான். ஜமீன்தார் இல்லாத நேரடி உறவு என்று இதைப் பாராட்டி எழுதும் பாடநூல்கள், தீர்வை போட மண்ணைப் படிக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனிப்பதில்லை. 1850களின் இறுதியில் தனி நிலவரித்திட்டத் துறையே உருவானபோது இந்தப் படிப்பு இறுகியது. கரிசல், செவல், மணல் என்று வகை, களி, இருமண் என்று பிரிவு, அதற்குள் நல்லது கெட்டது, எல்லாவற்றுக்கும் மேல் 'தரம்' என்ற எண். இன்றும் கிராம அ-பதிவேட்டைப் புரட்டினால் 'மண் வயனமும் ரகமும்' என்ற பத்தியும் 'தரம்' என்ற பத்தியும் இருக்கின்றன.

வளத்தைப் பட்டா எல்லைக்குள் அடைத்து, அதற்கு எண் கொடுத்து, அதன் மீது பணம் கேட்பது என்ற இந்தச் செயலை வெறும் நிர்வாகம் என்று நான் கருதவில்லை. அது ஒரு புதிய மண்ணை உற்பத்தி செய்தது. குன்றுக்கும் வயலுக்குமான உறவுக்குச் சர்வே எண் கிடையாது. ஆடு நடந்துபோகும் தடத்துக்குத் தரம் கிடையாது. தீர்வை தராததெல்லாம் தரிசு அல்லது புறம்போக்கு. மேயும் இடத்துக்கு 'மேய்க்கால் புறம்போக்கு' என்று பெயர் எழுதினார்கள், சரி. ஆனால் பதிவேட்டில் அது யாருக்கும் சொந்தமில்லாத, வருமானமில்லாத ஒரு மிச்சம்.

அடுத்த வெட்டு 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம். ஒதுக்குக் காடுகளில் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தழைக்கும் அனுமதி, கட்டணம், மீறினால் அபராதம். ஏழாண்டு கழித்து இந்திய விவசாயத்தை ஆராய இங்கிலாந்திலிருந்து வந்த வேதியியலாளர் வோல்க்கர், 1893இல் வெளியான தன் அறிக்கையில் எழுதியது அரசு எதிர்பார்த்ததல்ல. விவசாயி முட்டாள் அல்ல. விறகு கிடைக்காததால்தான் சாணத்தை வறட்டி தட்டி எரிக்கிறான். விறகுக்கும் தீவனத்துக்குமெனத் தனிக் காடுகள் வேண்டும் என்றார். எண்ணெய் வித்தும் எலும்பும் கப்பலேறுவதையும் மண்ணின் இழப்பாகவே பார்த்தார். இதே போக்கை லீபிக்கைப் படித்திருந்த மார்க்ஸ் 1867இலேயே 'மூலதனம்' முதல் தொகுதியில் பேசியிருந்தார்: முதலாளித்துவ விவசாயம் உழைப்பாளியைச் சுரண்டுவதோடு மண்ணையும் சேர்த்துச் சுரண்டுகிறது. நம் மார்க்சியர்கள் பலருக்கு அந்தப் பகுதி கண்ணில் பட ரொம்ப நாளாயிற்று.

வெளியிலிருந்து வந்த வளத்தை அடைத்த பிறகு, வெளியிலிருந்து வேறொன்று வரவேண்டியிருந்தது. 1906இல் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் ஆலை வைத்தது. 1950களின் இறுதியில் தென்பெண்ணையில் கிருஷ்ணகிரி அணை வந்து, சுமார் 9,000 ஏக்கருக்கு வாய்க்கால் தண்ணீர் கிடைத்தது. 1966இல் ஐ.ஆர். 8. இந்தக் குட்டை நெல் நிறையத் தழைச்சத்தைத் தின்று சாயாமல் நிற்கும்படி உருவாக்கப்பட்டது. மூட்டை இல்லாமல் அந்த விதைக்கு அர்த்தமில்லை. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு நீக்கியது, யூரியாவை மட்டும் விட்டுவைத்தது. 2010இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோதும் யூரியா அதற்கு வெளியே நின்றது. மற்றவை விலையேற, மலிவான ஒன்றை விவசாயி கூடுதலாகப் போட்டார். இதில் அறியாமை எங்கே வருகிறது? கையிலிருந்த காசுக்கு அவர் போட்ட கணக்கு சரிதான். தண்ணீர் நிற்கும் நெல் வயலில் போட்ட யூரியாவில் பாதிகூடப் பயிருக்குச் சேராமல் காற்றிலும் நீரிலும் போய்விடுகிறது என்பது வேறு விஷயம்.

வேளாண் பல்கலைக்கழகக் கையேடு இப்போதும் நெல்லுக்கு முதல் வரியில் ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம், அல்லது 6.25 டன் பசுந்தழை என்கிறது. அப்புறம்தான் மூட்டைக் கணக்கு. யாரும் மறுக்காத, யாராலும் செய்ய முடியாத வரி அது. உழவு டிராக்டருக்குப் போனது, மாடு குறைந்தது, கரட்டைச் சுற்றிக் கம்பிவேலி. பன்னிரண்டரை டன்னுக்கு எங்கே போவது?

2015இல் மண்வள அட்டை வந்தது. மண்ணை எடுத்துப் பரிசோதித்து எண்களாக எழுதிக் கொடுக்கிறார்கள். பயன் இல்லாமலில்லை, சாம்பல்சத்துப் போதாத வயலில் யூரியாவைக் கொட்டுவதைவிட அது மேல். ஆனால் அட்டையும் பட்டா எல்லைக்குள்தான் பார்க்கிறது. என்ன குறைகிறது என்று சொல்லும். எந்த வழி அடைபட்டதால் குறைகிறது என்று சொல்லாது.

இப்போது குருபரப்பள்ளியில் சிப்காட் தொழிற்பூங்கா இருக்கிறது. ஓசூரில் 1970களில் தொடங்கியது நெடுஞ்சாலை வழியே கிருஷ்ணகிரியை நோக்கி நகர்ந்து வருகிறது. வேலை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களில் பலர் குப்பைக்கூடை சுமந்தவர்களின் பேத்திகளாக இருக்கலாம். ஆனால் தொழிலுக்கு நிலம் தேடும்போது முதலில் கைவைப்பது 'விவசாயத்துக்கு லாயக்கில்லாத' தரிசிலும் புறம்போக்கிலும் கீழ்த்தரப் புஞ்சையிலும்தான். அந்தத் தரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீர்வைக்காகப் போட்ட தரம். பட்டாதாரருக்கு நஷ்டஈடு உண்டு, குறைந்தால் நீதிமன்றம் உண்டு. மந்தையை ஓட்டியவர் எந்தத் தாளைக் காட்டிக் கேட்பது? அவர் இழந்தது நிலமல்ல, தடம். அந்தத் தடத்தால் எரு பெற்ற பக்கத்துப் புஞ்சைக்காரரும் எதையோ இழந்திருக்கிறார். அதைச் சொல்ல அவருக்கும் பத்தியில்லை.

இந்தப் பக்கத்துத் தக்காளியும் கீரையும் விடியுமுன் பெங்களூருக்கு லாரி ஏறுகின்றன. மண்ணிலிருந்து எடுத்த சத்தும் அவற்றோடு ஏறுகிறது. தின்று கழித்த நகரத்தின் சாக்கடை தென்பெண்ணையில் கலந்து திரும்பி வருகிறது. நுரை பொங்கி ஓசூருக்குப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் மலைபோல நிற்பதைப் பத்திரிகைப் படங்களில் நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். அந்த நுரைத் தண்ணீரில் சோப்புத்தூளோடு தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன.