செதுக்கு மரத் தளபாடங்கள் (இலங்கை)

இலங்கையில் இன்று எஞ்சியுள்ள பழைய செதுக்கு மரத் தளபாடங்கள் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டுக்கும் 19ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. கதிரை, மேசை, அலுமாரி ஆகிய பெயர்கள் போர்த்துக்கீசர் விட்டுச்சென்றவை. பெட்டகம் அவர்களுக்கு முந்திய சொல்; சிங்களத்திலும் அது ‘பெட்டகம’தான்.

ஆசனம் இங்கே அந்தஸ்தின் அளவுகோல். கண்டி இராச்சியத்தில் சாய்வுள்ள ஆசனம் மன்னனுக்கு மட்டுமே உரியது என்று, அங்கே ஏறத்தாழ 20 ஆண்டுகள் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குச் சிம்மாசனம் ஒன்றை அளித்ததன் கனம் இதை அறிந்தால்தான் விளங்கும். மரச்சட்டத்தின்மேல் பொற்றகடு, கைப்பிடிகளில் சிங்கங்கள், சாய்வின் உச்சியில் சூரியன். 1815இல் கண்டி வீழ்ந்தபின் ஆங்கிலேயர் கொண்டுபோன அது, 1934இல் திரும்பிவந்து கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

கருங்காலிக் கதிரைகளின் கதையோ சோழமண்டலக் கரைக்கு நம்மை இழுத்துச் செல்லும். ஒல்லாந்தருக்காக அக்கரைத் தச்சர்கள் கால்களை முறுக்குக் கடைசலாகக் கடைந்தார்கள். சாய்வெங்கும் பூக்கொடியும் கிளியும் கடற்கன்னியும் செதுக்கினார்கள். இங்கிலாந்துக்குப் போன இத்தகைய கதிரைகளை எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் ரியூடர் மன்னர் காலத்து ஆங்கில வேலை என்று நம்பியே வாங்கினார். அத்தனை நுட்பமான வேலைக்குரிய கைகள் வரலாற்றில் மறைந்துபோனது பெரிய இழப்பு.

மரத்தைத் தந்ததில் சப்பிரகமுவவுக்கும் பங்குண்டு. தெஹியோவிட்டையைச் சூழ்ந்த ஈரவலயத் தாழ்நிலத்துக்குரிய நெதுன், பளபளப்பேறும் உறுதியான மரம். ‘கலுமெதிரிய’ எனப்படும் கலமந்தர் இலங்கைக்கே உரியது. பழுப்பும் கறுப்பும் வரிவரியாக ஓடும் அதன் அழகே அதற்கு எமனாயிற்று. அளவின்றி வெட்டியதால் அது அற்றுப்போகும் நிலையில் இருப்பதாக, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இலேயே எழுதினார்.

சப்பிரகமுவத் தோட்டத்துத் துரை பங்களாவின் விறாந்தையில் கிடந்த சாய்மனைக் கதிரையில் செதுக்கு வேலை குறைவு. ஆனாலும் இப்பகுதியின் தளபாட வரலாற்றில் அதற்கே முதலிடம் தரவேண்டும். பிரம்பு பின்னிய இருக்கை, காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ள வசதியாக நீண்ட கைகள். அதில் துரை சாய்ந்திருக்க, காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டுக்கும் பற்றுச்சீட்டுக்கும் பழகிய, தோட்டத் தொழிலாளரான நம் மூதாதையர் படிக்குக் கீழே நின்றபடியே பேசினார்கள்.