இருமுறை மறுக்கப்பட்டவர்

பிறந்த குழந்தையின் மருத்துவக் குறிப்பில் 'அப்கார்' என்றொரு சொல்லும் அருகே எட்டு, ஒன்பது என ஓர் எண்ணும் எழுதப்பட்டிருப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அது ஒரு பெண்ணின் பெயர். அறுவை மருத்துவராக விரும்பி, ஆக இயலாமற் போனவர் அவர்.

வர்ஜீனியா அப்கார் 1933இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் வகுப்பில் நான்காமவராகத் தேறினார். பிரஸ்பிடேரியன் மருத்துவமனையில் அறுவைத்துறைப் பயிற்சியும் கிடைத்தது. அங்கே துறைத்தலைவர் ஆலன் விப்பிள். கணைய அறுவை சிகிச்சை ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அப்காரின் திறமையில் அவருக்கு ஐயமில்லை. ஆயினும் இத்துறையைத் தொடர வேண்டாம் என்றார். தாம் முன்னர்ப் பயிற்றுவித்த பெண்கள் தொழிலில் நிலைபெறவில்லை என்பது அவர் காட்டிய காரணம். பொருளாதாரப் பெருமந்தக் காலம். ஆண் மருத்துவர்களே நோயாளிகளுக்குக் காத்திருந்த நாள்கள். இதைப் பரிவென்பதா, பாகுபாடென்பதா? இரண்டும் சேர்ந்தே இருந்தன என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. அப்பெண்கள் ஏன் நிலைபெறவில்லை என்ற வினாவுக்கு அந்த அறிவுரையில் இடமில்லை.

அறிவுரைக்கு மற்றொரு பாதியும் உண்டு. அக்காலத்தில் அங்கே மயக்கமருந்து கொடுப்பது பெரும்பாலும் செவிலியர் பணி. மயக்கவியல் வளராமல் அறுவை மருத்துவம் வளராது என்று விப்பிள் கருதினார். அதனைக் கற்குமாறு சொன்னார்.

அமெரிக்காவில் உள்ளிருப்புப் பயிற்சிக்கான இடங்களை மாணவர், மருத்துவமனை இரு தரப்பின் விருப்பப் பட்டியல்களையும் பொருத்தி ஒதுக்கும் முறை 1952இல்தான் வந்தது. இன்று மார்ச் மாதத்து முடிவில் இடம் இல்லையென்றால் இல்லை, ஏனென்று சொல்வாரில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் சிலரும் அவ்வாசலில் காத்திருக்கின்றனர். அப்காருக்கு மறுப்பு நேரில், காரணத்தோடு வந்தது. காரணத்தில் மெய்யான பாதியை அவர் எடுத்துக்கொண்டார்.

தொடங்கிய அறுவைப் பயிற்சியை முடித்தார். பின்னர் விஸ்கான்சினில் ரால்ஃப் வாட்டர்ஸிடமும், நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் ரோவன்ஸ்டைனிடமும் மயக்கவியல் கற்றார். விஸ்கான்சினில் பெண் மருத்துவர் தங்க ஒழுங்கான இடம்கூட இல்லை. 1938இல் பழைய மருத்துவமனைக்கே மயக்கவியல் பிரிவின் தலைவராகத் திரும்பினார்.

பதினோராண்டு உழைத்து அப்பிரிவை வளர்த்தார். 1949இல் அது தனித்துறையாயிற்று. தலைமையோ இமானுவேல் பேப்பர் என்ற ஆடவருக்குச் சென்றது. அப்காருக்குப் பேராசிரியர் பதவி தரப்பட்டது. அக்கல்லூரியில் அந்நிலையை எய்திய முதற்பெண் அவரே. முதல் மறுப்பைவிட இதுவே கொடியது என்போம். முதலாவது வருங்காலத்தைப் பற்றிய ஊகம். இரண்டாவது, செய்துகாட்டிய பணியின் மீதான தீர்ப்பு.

அவர் வெளியேறவில்லை. நிருவாகச் சுமை நீங்கியதும் மகப்பேற்று மயக்கவியலில் இறங்கினார். பிரசவ அறையில் எல்லாக் கண்களும் தாயின்மேல். மூச்சுவிடத் திணறும் சிசுவை முறையாக மதிப்பிட எவரிடமும் அளவுகோல் இல்லை. இதயத்துடிப்பு, மூச்சு, தசையிறுக்கம், தூண்டலுக்கு எதிர்வினை, நிறம் என ஐந்தைப் பிறந்த ஒரு நிமிடத்தில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் இரண்டு வரை இடும் முறையை 1952இல் முன்வைத்தார். மறு ஆண்டு அது அச்சேறியது. கருவியேதும் வேண்டாத அம்முறை விரைவில் உலகெங்கும் பரவிற்று.

1962இல் ஜோசப் பட்டர்ஃபீல்டு என்ற மருத்துவர், அப்பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகளையும் ஐந்து குறிகளின் முதலெழுத்துகளாக்கி மாணவர்க்கு நினைவுச்சூத்திரம் அமைத்தார். மயக்கவியலாளரை விட்டு வெகுதொலைவு வந்திருந்தது பெயர்.