நான்கு வாப்பிட்டி விமானங்களில் பிறந்த படை

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 8ஆம் தேதியை இந்திய விமானப்படை தினமாகக் கொண்டாடுகிறோம். 1932இல் அந்த நாளில்தான் படைக்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று படையிடம் ஒரு விமானம்கூடக் கிடையாது. பெயர் பதிவானது அக்டோபரில்; பிள்ளை பிறந்தது அடுத்த ஏப்ரலில்.

1933 ஏப்ரல் 1. கராச்சியின் டிரிக் ரோடு விமானத் தளத்தில் நம்பர் 1 ஸ்குவாட்ரன் தொடங்கப்பட்டது. அதுவும் முழு ஸ்குவாட்ரன் அல்ல, ‘ஏ’ ஃபிளைட் என்ற ஒரே ஒரு பிரிவு. ஆறு அதிகாரிகள், 19 வீரர்கள், நான்கு வெஸ்ட்லாண்ட் வாப்பிட்டி விமானங்கள். அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு இந்திய விமானப்படை என்றால் இந்த ஒரு ஸ்குவாட்ரன்தான்.

இதுவும் கேட்டவுடன் கிடைத்துவிடவில்லை. ராணுவ அதிகாரிப் பதவிகளை இந்தியர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற குரல் 1920களில் வலுத்தது. 1925இல் ஸ்கீன் கமிட்டி அமைக்கப்பட்டது. மோதிலால் நேருவும் ஜின்னாவும் அதில் உறுப்பினர்கள். இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் இந்தியர்களையும் சேர்க்கலாம் என்று கமிட்டி பரிந்துரைத்தது. 1930இல் முதல் ஆறு பேர் அங்கே போனார்கள். எச்.சி.சர்க்கார், சுப்ரதோ முகர்ஜி, பூபேந்திர சிங், அமர்ஜித் சிங், ஏ.பி.அவான் ஆகிய ஐவர் விமானிகளாகத் தேறினார்கள். ஜே.என்.டாண்டன் தளவாடப் பிரிவுக்குப் போனார். இந்தியர்களால் விமானத்தை ஓட்டவும் முடியாது, பராமரிக்கவும் முடியாது என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் நம்பிய காலம் அது. அந்த எண்ணத்தைத் தங்கள் வேலையாலேயே மாற்ற வேண்டிய பொறுப்பு இருபதுகளில் இருந்த இந்த இளைஞர்கள் தோளில் விழுந்தது. அவர்களுக்குத் தலைமை தாங்க வந்தவர் ஃபிளைட் லெப்டினன்ட் சிசில் பௌச்சியர் என்ற ஆங்கிலேயர்.

அந்த 19 வீரர்களுக்கு ‘ஹவாய் சிப்பாய்’ என்று பெயர். எஞ்சினைக் கழற்றி மாட்டுவது முதல் இறக்கைத் துணியைத் தைப்பது வரை எல்லாம் அவர்கள் கைவேலை. லாகூரில் பொறியியல் படித்த ஹர்ஜிந்தர் சிங், படிப்புக்கேற்ற பதவிக்குக் காத்திருக்காமல் கடைநிலையில் ஹவாய் சிப்பாயாகவே சேர்ந்தார். பின்னாளில் ஏர் வைஸ் மார்ஷலாக உயர்ந்து, கான்பூரில் ஆவ்ரோ விமானங்களைக் கட்டவைத்தவர் அவர்தான்.

வாப்பிட்டி, இரண்டு அடுக்கு இறக்கைகளும் இரண்டு இருக்கைகளும் கொண்ட பழைய ரக விமானம். தலைக்கு மேல் மூடி கிடையாது. காற்றும் புழுதியும் நேரே முகத்தில் அடிக்கும். தரைப்படைக்கு உதவுவதுதான் வேலை: எதிரியை வேவு பார்ப்பது, பீரங்கிக்கு இலக்கு சொல்வது, செய்தி கொண்டுபோவது. தரையில் இரண்டு கம்பங்களை நட்டு, நடுவே கட்டிய கயிற்றில் செய்திப் பையைத் தொங்கவிடுவார்கள். விமானி கயிற்றை உரசுகிற உயரத்துக்கு இறங்கி, விமானத்தின் அடியில் தொங்கும் கொக்கியால் பையைக் கொத்திக்கொண்டு மேலேற வேண்டும். கொஞ்சம் உயர்ந்தால் பை கிடைக்காது. கொஞ்சம் தாழ்ந்தால் உயிர் மிஞ்சாது.

தொடக்க ஆண்டுகள் கடுமையாக இருந்தன. முதல் ஐவரில் பூபேந்திர சிங்கும் அமர்ஜித் சிங்கும் விபத்தில் மாண்டார்கள். ‘பி’ ஃபிளைட் சேர 1936 ஆனது, ‘சி’ ஃபிளைட் சேர 1938 ஆனது. அதற்குள் வடமேற்கு எல்லையில், மிரான்ஷாவிலிருந்து, முதல் போர்ப் பணிகள் வந்துவிட்டன. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த வஜிரிஸ்தான் பழங்குடிகள்தான் அன்று எதிரிகள். அடிமைப்பட்ட நாட்டின் படைக்கு, யாரோடு மோதுவது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. அந்த உண்மையை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது. 1939 மார்ச்சில் சுப்ரதோ முகர்ஜி ஸ்குவாட்ரனின் தலைமையை ஏற்றார். ஓர் இந்தியர் ஸ்குவாட்ரனுக்குத் தலைவரானது அதுவே முதல் முறை.

ஸ்குவாட்ரனின் பெயரை நிலைநிறுத்திய களம் பர்மா. 1941 நவம்பரில் பம்பாய் யுத்த நன்கொடை நிதியிலிருந்து அதற்கு 12 லைசாண்டர் விமானங்கள் கிடைத்தன. 1942 பிப்ரவரி 1ஆம் தேதி ஸ்குவாட்ரன் லீடர் கே.கே.மஜும்தார் தலைமையில் அவை பர்மாவின் டவுங்கூ தளத்தில் இறங்கின. லைசாண்டர் வேவு பார்க்கத்தான் ஏற்றது. மெதுவாகப் பறக்கும், ஜப்பானியப் போர் விமானத்திடம் சிக்கினால் தப்புவது கடினம். இறங்கியவுடனேயே ஜப்பானியர் டவுங்கூ மீது குண்டு வீசினார்கள். மஜும்தார் பதிலடிக்குத் துணிந்தார். ஹர்ஜிந்தர் சிங்கின் குழு, களத்தில் கிடைத்ததை வைத்தே லைசாண்டரில் 250 ராத்தல் குண்டுகளைப் பொருத்திக் கொடுத்தது. துணைக்கு இரண்டு பஃபலோ விமானங்கள் வர, ஸ்குவாட்ரனிலிருந்து மஜும்தார் ஒருவராகக் கிளம்பி, தாழப் பறந்து, தாய்லாந்து எல்லைக்குள் மே ஹாங் சோன் தளத்தைத் தாக்கித் திரும்பினார். பிறகு மொத்த ஸ்குவாட்ரனும் அதே வழியில் போய் அடித்தது. பர்மா கைவிட்டுப் போனது என்னவோ உண்மை. ஆனால் இந்தியர்களால் முடியுமா என்ற கேள்வியை அதன்பின் யாரும் கேட்கவில்லை.

அதே ஆண்டு ஹரிகேன் விமானங்கள் வந்தன. வேவுப் பிரிவாகப் பிறந்தது ஃபைட்டர் ஸ்குவாட்ரனாக மாறியது. 1944இல் ஜப்பானியர் இம்பாலை முற்றுகையிட்டபோது, அர்ஜன் சிங் தலைமையில் அங்கேயே நின்று பறந்தது. மவுண்ட்பேட்டன் இம்பாலுக்கே வந்து அர்ஜன் சிங்குக்கு டி.எஃப்.சி. என்ற வீரப் பதக்கத்தை அணிவித்தார்.

1947இல் நாடு பிரிந்தபோது ஸ்குவாட்ரனின் விமானங்களும் தளவாடங்களும் பாகிஸ்தானுக்குப் போயின. நம்பர் 1 என்ற பெயர் மட்டும் ஆறாண்டுகள் ஆளில்லாமல் கிடந்தது. 1953 குடியரசு தினத்தன்று, 15ஆம் எண் ஸ்குவாட்ரனுக்கு அந்தப் பெயரைச் சூட்டி மீண்டும் எழுப்பினார்கள். சொத்து எதுவும் மிஞ்சாத ஒரு பிரிவை, பெயருக்காகவே திரும்பக் கொண்டுவந்தார்கள் என்றால் அந்தப் பெயரின் மதிப்பு விளங்கும். 1965 செப்டம்பரில் பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தைத் தாக்கியபோது, இந்த ஸ்குவாட்ரனோடு பறந்த ஏ.பி.தேவய்யா, தன் விமானம் அடிபட்ட பிறகும் மிஸ்டேர் என்ற வேகம் குறைந்த விமானத்தை வைத்துக்கொண்டு பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் விமானத்தை வீழ்த்தி உயிர்நீத்தார். அவர் செய்தது ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளரின் புத்தகத்தின் வழியாகத்தான் இங்கே தெரியவந்தது. மகாவீர் சக்ரா 1988இல் கிடைத்தது. 1980களில் ஸ்குவாட்ரன் குவாலியரில் மிராஜ் 2000 விமானங்களுக்கு மாறியது.

விமானங்கள் இப்படி மாறிக்கொண்டே இருந்தன. டிரிக் ரோடில் உண்மையில் விதைத்தது மனிதர்களை. சுதந்திர இந்தியாவின் விமானப்படைக்கு 1954இல் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானவர் சுப்ரதோ முகர்ஜி. அவருக்குப் பின் வந்தவர், பதினேழு வயதில் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து ஆகாகான் பரிசை வென்ற ஆஸ்பி எஞ்சினியர். மூன்றாமவர், 1965 போரை நடத்திய அர்ஜன் சிங். மூவரும் நம்பர் 1 ஸ்குவாட்ரனில் வளர்ந்தவர்கள். பிரிட்டிஷ் அரசு அரைமனதோடு கொடுத்த நான்கு பழைய விமானங்களை வைத்து அவர்கள் ஒரு படைக்கான தலைமையையே பயிற்றுவித்துக்கொண்டார்கள். அக்டோபர் 8ஐக் கொண்டாடும் நம் பிள்ளைகளுக்கு ஏப்ரல் 1இன் கதையும் பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டும்.