கடித விளியும் முடிப்பும்

கடிதத்தின் தொடக்கத்தில் பெறுபவரை அழைக்கும் சொல் விளி. இறுதியில் எழுதுபவர் தம்மைச் சுட்டிக் கையொப்பமிடும் பகுதி முடிப்பு. இருவருக்கும் இடையிலுள்ள வயது, உறவு, பதவி ஆகியவற்றை இவை உணர்த்தும்.

ஓலைக் காலம்

சிலப்பதிகாரத்தில் மாதவி கௌசிகன் வழியாக அனுப்பிய ஓலை, கோவலனை ‘அடிகள்’ என விளித்துப் பணிவுடன் தொடங்குகிறது. அந்த விளியும் பிழை பொறுக்கும்படியான வேண்டுதலும் தன் பெற்றோருக்கும் பொருந்தக் கண்ட கோவலன், அதே ஓலையை அவர்களிடம் சேர்க்கச் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறான்.

பதினோராம் திருமுறையின் முதலில் உள்ள திருமுகப்பாசுரம், மதுரைச் சிவபெருமான் சேரமான் பெருமாளுக்கு எழுதியதாகப் போற்றப்படும் கடிதம். இதில் அனுப்புபவரின் ஊரும் பெயரும் முன்னே வர, பெறுபவரின் புகழ் தொடர்கிறது. யாழிசைப் பாணரான பாணபத்திரருக்குப் பொருள் கொடுத்தனுப்பும்படி கேட்கும் செய்தி கடைசியில்தான் வருகிறது. சோழர் கல்வெட்டுகள் அரசனின் கடிதத்தைத் ‘திருமுகம்’ என்றும், அதை எழுதும் அலுவலரைத் ‘திருமந்திர ஓலை’ என்றும் குறிக்கின்றன.

தாளில் வளர்ந்த மரபு

தாளின் தலைப்பில் பிள்ளையார் சுழியோ ‘சிவமயம்’ என்பதோ இட்டபின் எழுதுவது இந்துக்களின் வழக்கம். இசுலாமியர் 786 என்ற எண்ணையும், கிறித்தவர் சிலுவைக் குறியையும் இடுவதுண்டு. மதிப்புக்குரியவரை ‘மகாராஜராஜஸ்ரீ’ என்றனர்; இதுவே ‘ம.ரா.ரா.ஸ்ரீ’ எனச் சுருங்கியது. இளைய ஆண் ‘சிரஞ்சீவி’, மணமான பெண் ‘சௌபாக்கியவதி’. மூத்தவர் ‘அநேக ஆசீர்வாதம்’ கூறுவார். இளையவர் ‘அநேக நமஸ்காரம்’ செய்வார். நலம் சொல்லி, நலம் கேட்டபின் வரும் ‘நிற்க’ என்ற ஒற்றைச் சொல் செய்திக்கு வழிவிடும்.

1879இல் காலணா விலையில் அஞ்சலட்டை வந்தது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்ற வாசகம் அதன் சிறிய இடத்துக்குப் பொருந்தியது. சாவுச் செய்தி தாங்கிய கடிதத்தில் மட்டும் பிள்ளையார் சுழியும் நலவிசாரிப்பும் இரா. படித்ததும் அதைக் கிழித்துவிடுவார்கள்.

அலுவல் கடிதம்

ஆங்கில ஆட்சியில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ போன்ற முடிப்புகள் ஆங்கிலக் கடித முறையைப் பின்பற்றி வந்தன. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் தமிழில் அலுவல் கடிதம் எழுதுவது பெருகியது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்பவை அதன் உறுப்புகள். 1967இல் அண்ணாதுரை அரசு ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி என்பவற்றுக்கு ஈடாகத் திரு, திருமதி, செல்வி என்பவற்றை அரசு வழக்கில் கொண்டுவந்தது.

அச்சில்

அண்ணாதுரை ‘தம்பி’ என விளித்து ‘அண்ணன்’ எனக் கையெழுத்திட்ட கடிதங்களும், கருணாநிதியின் ‘உடன்பிறப்பே’ கடிதங்களும் குடும்ப விளியை அரசியலுக்குக் கொண்டுவந்தன. மு. வரதராசன் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ என விளியையே நூற்பெயராக்கினார்.

இன்று

தனிக் கடிதத்தில் ‘அன்புள்ள’ என்ற சொல்லே விளியாகவும் முடிப்பாகவும் நிற்கிறது. ‘இப்படிக்கு’ என்ற முடிப்புச் சொல் கடிதத்தைத் தாண்டி, ஊர்ப் பொதுமக்கள் பெயரில் சுவரில் ஒட்டும் அறிவிப்புகளிலும் தொடர்கிறது.